பலகை மாறினால் படகு மாறுமா? பழைய மரப் பந்தயப் படகுகளின் புதுப்பிப்பு குறித்த வாதங்கள்

2013-இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஹொனலுலு வரை நடந்த டிரான்ஸ்பேக் பாய்மரப் பந்தயத்தில், படகுகளின் வேக வேறுபாட்டைச் சரிக்கட்டும் ஹேண்டிகேப் கணக்குப்படி முதலிடம் பிடித்தது 'டொராட்' என்ற 52 அடி மரப்படகு. சுமார் 2,225 கடல் மைல் நீளும் இந்தப் பந்தயத்தை இதே படகு 1936-இலும் வென்றிருக்கிறது. ஓலின் ஸ்டீபன்ஸ் தம் இருபதுகளின் தொடக்கத்தில் வரைந்த படகு இது. 1930-இல் நியூயார்க்கில் கட்டப்பட்டு, மறு ஆண்டே அட்லாண்டிக் பந்தயத்தையும் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தையும் வென்றது.

இரண்டு டிரான்ஸ்பேக் வெற்றிகளுக்கும் நடுவே 77 ஆண்டுகள். பாய்த்துணி மாறியது, கயிறு மாறியது, உரிமையாளர்கள் மாறினார்கள், ஓட்டியவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பிறகு எதை வைத்து 'இதே படகு' என்கிறோம்? அருங்காட்சியகத்தாரும் பட்டறைக்காரர்களும் பந்தய விதி எழுதுவோரும் ஆளுக்கொரு விடை வைத்திருக்கிறார்கள். எந்தப் படகு எந்தப் பிரிவில் ஓடலாம், எதற்குப் பணம் திரட்டலாம், எதை உடைத்துப் போடலாம் என்பதெல்லாம் அந்த விடைகளைப் பொறுத்தே முடிவாகிறது. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், மரத்தையும் வரைபடத்தையும் துருவித் துருவி அளந்தவர்கள் ஓட்டிய ஆட்களைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

பழைய கேள்வி

கேள்வியைத் தொடங்கிவைத்தவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க். தீசியஸின் முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்துவந்தார்கள், இத்துப்போன பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினார்கள், அது அதே கப்பலா இல்லையா என்று தத்துவவாதிகள் இரு அணியாகப் பிரிந்தார்கள் என்று அவர் எழுதினார். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து மறுபடி கப்பலாக்கினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

தத்துவ வகுப்பில் இது சுவையான புதிர். படகுப் பட்டறையில் ஹாப்ஸின் முடிச்சு அநேகமாக விழுவதில்லை, கழற்றிய பலகை மறுபடி கப்பலாகும் நிலையில் இருப்பதில்லை என்பதால். அங்கே எழும் கேள்வி வேறு மாதிரியானது: எந்தப் பலகையை இன்னும் பத்தாண்டு விட்டுவைக்கலாம்?

மரமே சாட்சி

முதல் நிலைப்பாடு பொருளை மையமாகக் கொண்டது. கட்டடப் பாதுகாப்பில் 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வகுத்த நெறியின் சாயல் இதில் உண்டு. மூலப்பொருளை மதிக்க வேண்டும், ஊகத்தில் எதையும் சேர்க்கக் கூடாது, புதிதாகச் சேர்த்தது புதிது என்று தெரிய வேண்டும். அந்தக் காலத்துத் தச்சனின் உளி பட்ட தடம் பழைய பலகையில்தான் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் சாட்சி போய்விடுகிறது என்பது இவர்கள் வாதம்.

வாதம் வலுவானது. ஆனால் மரப்படகின் உடற்கூறு அதற்கு ஒத்துழைப்பதில்லை. ஏரா என்னும் அடிமரம், அதிலிருந்து விலா எலும்புபோல் எழும் வங்குகள், அவற்றின்மேல் அறைந்த பலகைகள் என்று மூன்றும் வெவ்வேறு வேகத்தில் சாகின்றன. ஓக் மரத்தின் துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். அரிபட்ட இரும்பு தன் பங்குக்குச் சுற்றியுள்ள மரத்தைக் கெடுக்கும். எஃகு வங்கின்மேல் மரப்பலகையை வெண்கல ஆணியால் பிணைத்த படகுகளில் உப்புநீர் பட்டதும் மின்வேதி அரிப்பு சேர்ந்துகொள்ளும். உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கவே செய்கிறது. தளத்தின் இடுக்கு வழியே இறங்கித் தேங்கும் மழைநீரில்தான் பூஞ்சை பிடிக்கிறது. தேக்கு மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. மலபார் தேக்கில் பம்பாயில் கட்டி 1817-இல் நீரில் இறக்கிய போர்க்கப்பல், திருகோணமலையின் பெயரைத் தாங்கிய 'டிரிங்கோமலி', இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

ஆகவே, ஓடும் நிலையில் வைத்திருக்கும் மரக்கலம் எதுவும் தன் மூல மரத்தை வெகுகாலம் வைத்திருப்பதில்லை. 1797-இல் பாஸ்டனில் நீரில் இறங்கிய 'கான்ஸ்டிடியூஷன்' கப்பலில் மூல மரம் 10 முதல் 15 சதவீதம்தான் மிச்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மரமே அடையாளம் என்றால் அமெரிக்கக் கடற்படை இன்றும் பணியில் வைத்திருக்கும் அந்தக் கப்பலை என்னவென்று அழைப்பது?

பொருளைக் காப்பாற்றக் கரையேற்றிவிடலாம் என்பார்கள். ஸ்டாக்ஹோமில் 1961-இல் கடலடியிலிருந்து தூக்கிய 'வாசா' அப்படித்தான் நிற்கிறது. ஆனால் கரை என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. பாய்மரப் பந்தய உலகின் மிகப் பெரிய கோப்பைக்குத் தன் பெயரைத் தந்த 'அமெரிக்கா' என்ற ஸ்கூனர், 1851-இல் வைட் தீவைச் சுற்றி வென்ற அதே படகு, கடைசியில் அனாபொலிஸில் ஒரு கொட்டகையில் கிடந்தது. 1942-இல் பனியின் பாரம் தாங்காமல் கூரை அதன்மேல் இடிந்து விழுந்தது. 1945-இல் உடைத்துப் போட்டார்கள். போர்க்காலம், பணமில்லை, கவனிக்க ஆளில்லை என்று காரணங்கள் சொல்லலாம். கரையில் நிற்கும் படகுக்கு அந்தக் காரணங்கள் அடிக்கடி வாய்க்கின்றன.

வரைபடமே படகு

இரண்டாம் நிலைப்பாடு வடிவத்தில் நிற்கிறது. வடிவமைப்பாளர் வரைந்த கோடுகளும் அளவுகளும்தான் படைப்பு, மரம் அதன் ஏடு மட்டுமே. ஏடு நைந்தால் படியெடுப்பதில் குற்றமில்லை.

இந்தப் போக்குக்கு வலுச் சேர்த்தது 1980-களில் நடந்த 'ஆல்டெய்ர்' புதுப்பிப்பு எனலாம். ஸ்காட்லாந்தின் ஃபேர்லி ஊரில் பட்டறை வைத்திருந்த மூன்றாம் வில்லியம் ஃபைஃப் 1931-இல் கட்டிய ஸ்கூனர் அது. அதுவரை பழைய படகை வாங்கியவர்கள் வசதிக்கேற்ப அறைகளை மாற்றினார்கள், பாய்மரத்தைக் குட்டையாக்கினார்கள், பிடித்த நிறத்தில் பூசினார்கள். ஆல்டெய்ரில் பூட்டு, விளக்கு, கப்பி வரை அந்தக் காலத்து ஆவணங்களோடு ஒப்பிட்டுச் செய்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ஃபேர்லி ரெஸ்டொரேஷன்ஸ் பட்டறை, 1909-இன் 'டுயீகா', 1911-இன் 'மரிக்கிட்டா' முதலிய ஃபைஃப் படகுகளை மீட்டது. மரிக்கிட்டா பல்லாண்டு சேற்றில் வீட்டுப்படகாகக் கிடந்தது. பாய்மரம் போய், அடிப்பாரம் போய், யாரோ குடியிருந்ததால் மட்டும் உயிர்தப்பிய படகுகள் இங்கிலாந்தின் கழிமுகங்களில் பல இருந்தன. பாதுகாப்பு வரலாற்றில் வாடகைக்குக் குடியிருந்தவர்களின் பங்கையும் யாராவது எழுதலாம்.

இந்த முறையின் பலவீனம் இரண்டு இடங்களில் தெரிகிறது. ஒன்று, 'மூலநிலை' என்பது எந்த நாள்? டொராட்டின் நூறாண்டை நெருங்கும் வாழ்வில் முதல் நாளை மட்டும் உண்மை என்று எடுத்துக்கொண்டால், பிறகு பல கைகள் செய்த மாற்றங்கள் வரலாறு இல்லை என்றாகிவிடும். இரண்டு, வடிவம் போதுமென்றால் மூலப்படகே வேண்டியதில்லை. பெரும் பந்தயப் படகுகளான ஜே வகுப்பு இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. 1930-களில் கட்டப்பட்ட பத்து ஜே படகுகளில் 'ஷாம்ராக் V', 'வெல்ஷீடா', 'எண்டெவர்' என மூன்றே மிஞ்சின. 2003-இல் 'ரேஞ்சர்' பிரதியாகக் கட்டப்பட்டது. அதன் மூலம் 1941-இலேயே பழைய இரும்பாகிவிட்டது. பின்னர் வந்த 'லயன்ஹார்ட்' இன்னும் வியப்பானது. 1930-களில் வரைந்தும் அன்று கட்டாமல் விட்ட ஒரு வடிவத்திலிருந்து அலுமினியத்தில் எழுந்தது அது. அன்று பிறக்கவே பிறக்காத படகு, பழைய மூன்றோடும் ஒரே வகுப்பில் ஓடுகிறது. ரசிகர்களுக்கு இது கொண்டாட்டம். அதைப் 'பழைய படகுப் பந்தயம்' என்று அழைப்பதற்கு மட்டும் கூடுதல் துணிச்சல் வேண்டும்.

ஓடிக்கொண்டிருப்பதே உயிர்

மூன்றாம் நிலைப்பாடு பயன்பாட்டைப் பிடித்துக்கொள்கிறது. மரபு என்பது பொருளில் மட்டும் இல்லை, அதைச் செய்யும் முறையிலும் பயன்படுத்தும் வழக்கத்திலும் உண்டு என்று 1994-இன் நாரா ஆவணம் இடம் கொடுத்தது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் ஜப்பானின் இசே கோயில் இந்த விவாதங்களில் வழக்கமாக எடுத்துக்காட்டப்படுவது. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கடல் மரபு அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய பார்சலோனா சாசனம், இயக்கத்தில் இருக்கும் மரபுக் கப்பல்களுக்கென்றே எழுதப்பட்டது. கப்பலை ஓடும் நிலையில் வைத்திருப்பதே அதைக் காக்கும் வழி என்பது அதன் அடிநாதம். 1841-இல் கட்டிய திமிங்கில வேட்டைக் கப்பல் 'சார்ல்ஸ் டபிள்யூ. மார்கன்', நீண்ட புதுப்பிப்புக்குப் பின் 2014-இல் அருங்காட்சியகத் துறையை விட்டு மீண்டும் கடலோடியது இந்தச் சிந்தனையின் வழியில்தான்.

இதற்கு மிகத் தெளிவான சான்றுகள் ஆடம்பரப் படகுகளிடம் இல்லை. கார்ன்வாலின் ஃபால் கழிமுகத்தில் இயந்திரம் ஓட்டிச் சிப்பி அள்ளுவதற்குத் தடை இருக்கிறது. பாயிலோ துடுப்பிலோதான் செய்ய வேண்டும். சிப்பி வளத்தைக் காக்கப் போட்ட விதி, பாய்மரத் தொழிற்படகையும் சேர்த்துக் காத்துவிட்டது. குளிர்காலத்தில் சிப்பி அள்ளும் படகுகள் கோடையில் அதே நீரில் பந்தயம் ஓடுகின்றன. இவற்றில் சில ஃபைபர் கிளாஸ் உடல் கொண்டவை. மரவாதிகள் முகம் சுளிக்கலாம், ஆனால் தொழிலும் பந்தயமும் அறுபடவில்லை.

1913-இல் பிரான்சில் வழிகாட்டிப் படகாகப் பிறந்த 'ஜோலி பிரீஸ்' இன்னொரு சான்று. 1925-இல் நடந்த முதல் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தையும், பிறகு 1929, 1930 பந்தயங்களையும் வென்ற படகு இது. இன்று வில்ட்ஷயரில், கடற்கரையே இல்லாத மாவட்டத்தில், உள்ள டான்ட்ஸிஸ் பள்ளியின் கையில் இருக்கிறது. மாணவர்கள் கோடையில் ஓட்டுகிறார்கள், குளிர்காலத்தில் சுரண்டிப் பூசிப் பராமரிக்கிறார்கள்.

ஆனாலும் பயன்பாட்டு வாதத்துக்கு ஒரு வழுக்கல் உண்டு. 'ஓடுவதற்காக' என்று சொல்லி எதையும் மாற்றலாம். இயந்திரம், மின்விசை வின்ச், எபாக்ஸி பூச்சு என எல்லாவற்றுக்கும் பாதுகாப்புக் காரணம் கிடைத்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதை அந்த வாதம் தனக்குள்ளிருந்து சொல்வதில்லை.

பந்தயம் காக்கிறதா, கெடுக்கிறதா

விவாதம் சூடாவது இங்கேதான். பந்தயம் இல்லையென்றால் பணம் வராது, பணம் இல்லையென்றால் படகு சேற்றுக்குத் திரும்பும் என்பது ஒரு பக்கம். 1981-இல் செயின்ட் ட்ரோபேயில் தொடங்கிய 'லா நியூலார்க்' போன்ற கூட்டங்கள்தான் மத்தியதரைக் கடலில் பழைய படகுகளுக்கு மறுவாழ்வு தந்தன. இதை மறுப்பது கடினம்.

மறுபக்கம், பந்தயம் மரத்தை வதைக்கிறது. பருத்திப் பாய் காற்றின் உந்தலில் கொஞ்சம் நீண்டு இளகும், அதனால் சுமை சற்றுத் தணியும். செயற்கை இழைப் பாய் அப்படி இளகாது, நீளாத கயிறும் இளகாது. பழைய கட்டுமானத்தில் எதிர்பாராத இழுவை முழுவதும் பாய்மர அடியிலும் பலகை இணைப்பிலும் போய் விழுகிறது. ஆபத்து மரத்துக்கு மட்டுமில்லை. 1995-இல் இதே நியூலார்க்கில், 1915-இன் ஸ்கூனர் 'மரியெட்' சிறிய ஆறு மீட்டர் வகைப் படகோடு மோதியதில் ஓர் உயிர் போயிற்று. பந்தயம் சில ஆண்டுகள் நின்று, 1999-இல் 'லெ வோல் த செயின்ட் ட்ரோபே' என்ற பெயரில் திரும்பியது. நூறு டன்னைத் தாண்டும் பழைய ஸ்கூனர் நினைத்த நொடியில் திரும்பாது, நிற்காது. அதையும் சிறு படகையும் ஒரே நீரில் ஓடவிடுவது பற்றிய எச்சரிக்கை அதற்குப் பிறகே அழுத்தம் பெற்றது.

இரு பக்கத்தையும் சமரசப்படுத்த முயல்பவை பந்தய விதிகள். மத்தியதரைக் கடலில் சிஐஎம் அமைப்பின் விதி, 1950-க்கு முன் நீரில் இறங்கியவற்றை ஒரு பிரிவாகவும், அதன்பின் 1976-க்கு முன் இறங்கியவற்றை இன்னொரு பிரிவாகவும் வைக்கிறது. பழைய தோற்றத்தில் புதிதாகக் கட்டியவற்றுக்குத் தனிப்பிரிவு உண்டு. ஹேண்டிகேப் கணக்கில் வேகத்தோடு மூலத்தன்மையும் சேர்கிறது. உடல், தளம், பாய்மர அமைப்பு ஆகியவற்றில் மூலத்திலிருந்து விலகினால் அதற்கேற்ப இழப்பு உண்டு. நேர்மையாக இருப்பவருக்குப் பந்தயத்தில் சலுகை என்பது அருமையான யோசனை. தத்துவவாதிகள் பதில் காணாத கேள்விக்கு விதிக்குழு தசம எண்ணில் பதில் தருகிறது. அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்டால், கண்ணால் பார்த்து அளவுகோல் வைக்கக்கூடியதைத்தான். உள்ளே எபாக்ஸி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து காண்பது எளிதல்ல.

இந்தச் சச்சரவே வேண்டாம் என்ற நான்காம் நிலைப்பாடும் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 'பிரிட்டானியா' 1893 முதல் வென்று குவித்த படகு. மன்னரின் விருப்பப்படி, அவர் மறைந்த 1936-ஆம் ஆண்டிலேயே வைட் தீவருகே கடலில் மூழ்கடித்தார்கள். ஓட்டியவரோடு படகும் முடியட்டும் என்ற எண்ணத்தைப் பாதுகாப்பாளர்கள் ஏற்பதில்லை. படகையும் ஆளையும் அது பிரிக்காமல் பார்த்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

காணாமல்போன கணக்கு: குழு

20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதி வரை இங்கிலாந்தின் பெரிய பந்தயப் படகுகளை ஓட்டியவர்கள் கூலிக்கு வந்த மீனவர்கள். எசெக்ஸின் டோல்ஸ்பரி, பிரைட்லிங்ஸீ, ரோஹெட்ஜ் ஆகிய ஊர்களின் ஆட்கள் குளிர்காலத்தில் மீனும் சிப்பியும் பிடித்துவிட்டு, கோடையில் சீமான்களின் படகேறினார்கள். தகப்பன், மகன், அண்ணன், தம்பி என்று ஒரே குடும்பத்தவர் ஒரே படகில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள்.

அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1934-ஆம் ஆண்டின் அமெரிக்கா கோப்பை ஓர் உதாரணம். தாமஸ் சாப்வித்தின் எண்டெவர், எதிரியான 'ரெயின்போ'வைவிட வேகமான படகு என்றே அன்றும் இன்றும் பலர் கருதுகிறார்கள். புறப்படுவதற்குச் சற்று முன் தொழில்முறை மாலுமிகளில் கணிசமானவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள், சாப்வித் மறுத்தார். அவர்கள் இடத்தில் பாய்மரப்படகுச் சங்கத்து அமெச்சூர் ஓட்டிகள் வந்தார்கள். முதல் இரண்டு பந்தயங்களை வென்ற எண்டெவர், அடுத்த நான்கையும் தோற்றது. தந்திரப் பிழைகளும் எதிரணியின் திறமையும் இதில் கலந்திருப்பதால், தோல்விக்குக் குழு மாற்றமே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் படகு அதே படகு, பலகை ஒன்றும் மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இங்கே தமிழ் வாசகர்களுக்குப் பரிச்சயமான ஒரு பெயரும் வருகிறது. ஷாம்ராக் V உட்பட ஐந்து ஷாம்ராக் படகுகளோடு 1899 முதல் 1930 வரை அதே கோப்பைக்கு மோதித் தோற்றவர் தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன். 1890-இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கியவர். தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் கொழுந்து கிள்ளிய தோட்டங்கள் அவை. ஷாம்ராக்கின் மூலத்தன்மையை விவாதிப்பவர்கள் மஹாகனிப் பலகை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பார்கள். பணம் எந்த மலையிலிருந்து வந்தது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

குழு ஏன் முக்கியம் என்பது சில வேலைகளை நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும். பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கும் தாங்குகயிறுகள் இரண்டு. ஒரு நேரத்தில் ஒரு பக்கக் கயிறுதான் விறைப்பாக இருக்கும். பின்காற்றில் திசை மாற்றும்போது, பெரிய பாயைத் தாங்கும் கட்டை மறுபக்கம் வீசுவதற்குள் பழைய பக்கத்தை அவிழ்த்துப் புதிய பக்கத்தை இறுக்கியாக வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பாய்மரமே முறியலாம். ஸ்கிப்பர் கூவும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும். பல பருவங்கள் சேர்ந்து ஓடியவர்கள், முன்னால் நிற்பவனின் தோள் அசைவைப் பார்த்தே கையை எடுப்பார்கள்.

கலப்பத்து அடிப்பதும் அப்படித்தான். பலகைகளுக்கு இடையிலுள்ள கோட்டில் பஞ்சுத் திரியை இரும்பு உளியால் அடித்து இறக்கி, மேலே மக்கு பூசுவார்கள். தளர்வாக அடித்தால் ஒழுகும். மிதமிஞ்சி அடித்தால், நீரில் இறங்கிப் பலகை ஊறிப் பருக்கும்போது இடம் போதாமல் ஆணியைப் பிடுங்கும், வங்கையும் விரிசலிடச் செய்யும். போதும் என்பதைச் சுத்தியலின் ஓசை சொல்லும். அந்தப் படகில் முன்பு அடித்த கைக்கு, எந்தக் கோடு எப்போதும் விட்டுக்கொடுக்கும் என்பதும் தெரியும்.

இந்த அறிவைப் பார்சலோனா சாசனம் பொதுவாக மதிக்கிறது, பந்தய விதியோ கணக்கில் சேர்ப்பதில்லை. நீண்டகாலக் குழு வைத்திருக்கும் படகும், வாரத்துக்கு வாடகை ஆட்களை இறக்கி ஓட்டும் படகும் மூலத்தன்மைப் புள்ளியில் சமமாகவே நிற்கின்றன. அளப்பது கடினம் என்பது உண்மை. அளக்கத் தொடங்கினால் பொய்க்கணக்கும் வரும், பழைய ஆட்களின் ஏகபோகமும் வரும். அமெச்சூர் குழுக்களில் வயது ஏறி, புதியவர்களைச் சேர்க்காமலே கலைந்துபோகும் ஆபத்தும் உண்டு. ஜோலி பிரீஸில் மாணவர் கூட்டம் ஓயாமல் மாறினாலும் வேலை கைமாறிப் போகிறது. ஆகவே ஒரே ஆட்கள் நீடிப்பது முக்கியமா, கற்றுக்கொடுக்கும் வரிசை நீடிப்பது முக்கியமா என்பது தனியாக ஆராயப்பட வேண்டியது. இரண்டாவதுதான் கூடுதல் நியாயமாகப் படுகிறது.

தீராதவை

நான்கு நிலைப்பாடுகளில் எதுவும் தனித்து நிற்கவில்லை. மரவாதம் படகைக் கரையேற்றுகிறது, வடிவவாதம் பிரதியில் முடிகிறது, பயன்பாட்டுவாதம் எல்லை தெரியாமல் நகர்கிறது, மூழ்கடிப்பது விவாதத்தையே முடித்துவிடுகிறது. நடைமுறையில் நல்ல பட்டறைகள் முதல் மூன்றையும் கலந்து செய்கின்றன. உடலின் வடிவம் குலையாமல் தாங்கி நிறுத்தி, கெட்ட வங்கை ஒவ்வொன்றாக மாற்றி, நல்ல பலகையை இருந்த இடத்திலேயே விட்டு, செய்ததையெல்லாம் எழுதிவைக்கின்றன. இன்றைய நிலையில் ஏற்கத்தக்க வழி இதுதான் எனலாம்.

எபாக்ஸி ஏற்றிப் புதுப்பித்த பழைய படகுகளை அடுத்த தலைமுறைத் தச்சர் எப்படிக் கழற்றுவார் என்பதற்கு இன்னும் நீண்ட அனுபவம் சேரவில்லை. மாற்று மரம் கிடைப்பதும் சிக்கலாகி வருகிறது. இந்தப் படகுகள் பலவற்றுக்கும் தேக்கு தந்த பர்மாவின் அரசு மர நிறுவனத்தின் மீது 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. மூலத்துக்கு நேர்மையாக இருக்க அதே மரம் வேண்டும் என்று நிற்பவர்கள், அந்த மரம் எப்படி வெட்டப்பட்டு யார் கைக்குப் பணம் போகிறது என்பதற்கும் இனி பதில் சொல்ல வேண்டியிருக்கும். வேறு மரம் போட்டால் எத்தனை புள்ளி குறைப்பது என்பதை விதிக்குழுக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். குழுவின் தொடர்ச்சிக்குப் புள்ளி உண்டா என்ற கேள்வி அவர்கள் மேசைக்கு இனிமேல்தான் போக வேண்டும்.